பௌர்ணமிக் கடைக்கும் சட்டம் உண்டு

திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். மலையின் மேற்குப் புறத்தில் அடி அண்ணாமலைக்கு வரும்போது நடப்பவர்கள் பாதி வழியைத் தாண்டியிருப்பார்கள். கால் கனக்கும், தொண்டை வறளும். சுக்குக் காபி, இளநீர், சுண்டல் விற்கும் தள்ளுவண்டிக்கும் தரைக்கடைக்கும் இங்கே அதனால்தான் பிழைப்பு. தில்லி எழுதும் சட்டம், ரிசர்வ் வங்கியின் விதி, வளைகுடாவில் ஏறும் எரிவாயு விலை எல்லாம் கடைசியில் இந்த வண்டிகளைத் தொடுகின்றன. ஆனால் வண்டிக்காரரின் கையில் என்னென்ன உரிமை இருக்கிறது என்பதை யாரும் அவரிடம் உட்கார்ந்து சொன்னதில்லை.

திருவண்ணாமலை நகராட்சி 2024-ல் மாநகராட்சி ஆனது. சுற்றியிருந்த ஊராட்சிகள் அதில் சேர்க்கப்பட்டன; அடி அண்ணாமலையும் சேர்ந்தது. வரி கூடும், நூறு நாள் வேலை போகும் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் கூடவே ஓர் உரிமையும் வந்திருக்கிறது, அதைப் பேசுவோர் குறைவு. 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கே பொருந்தும். ஊராட்சியாக இருந்தவரை அந்தச் சட்டத்தைக் காட்டி வாதாட வழியில்லை. இப்போது உண்டு.

அந்தச் சட்டப்படி, ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து வியாபாரிச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால், என்னென்ன எடுத்தார்கள் என்று கையெழுத்திட்ட பட்டியல் கொடுத்தாக வேண்டும். உரிய கட்டணம் கட்டிக் கேட்டால் கெட்டுப்போகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள். அந்தச் சட்டப்படி அமைக்க வேண்டிய நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத இடம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. தெருவோர வியாபாரம் அரசியல் சாசனம் தரும் தொழில் உரிமைக்குள் வரும் என்று சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

தீபத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும்போது கடைகளை ஒழுங்குபடுத்தத்தான் வேண்டும். நெரிசலில் உயிர் போகக் கூடாது. ஆனால் ஒழுங்குபடுத்துவது வேறு, சுண்டல் சட்டியைத் தூக்கி லாரியில் வீசுவது வேறு. இரண்டாவதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

இனி கடன். என் பார்வையில் இந்தப் பாதையில் ஆட்களை உடைப்பது இதுதான். வருமானம் கிரிவலக் கூட்டம் வரும் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. குழுக் கடனின் தவணையோ வாரம் தவறாமல் வருகிறது. நடுவில் உள்ள வறண்ட வாரங்களில் தவணை கட்ட இன்னொரு கடன் வாங்குகிறார்கள். அதுவும் பெரும்பாலும் தண்டல். பத்தாயிரம் என்று பேசி 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போவதால், ஆண்டுக் கணக்கில் அது 100 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. தண்டலையும் கந்து, மீட்டர் வட்டிகளையும் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம்.

குழுக் கடன் கொடுக்கும் பதிவுபெற்ற மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிகள் உண்டு. ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்கு மிகாத குடும்பத்துக்கு இந்தக் கடனை அடமானம் இல்லாமல்தான் தர வேண்டும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மாதம் 16,000 ரூபாய் வருகிற வீட்டில் மொத்தத் தவணை 8,000-ஐத் தாண்டும்படி புதுக்கடன் கொடுத்தால் தப்பு கொடுத்தவர் மேல். கடன் அட்டை உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. உறவினரையோ பக்கத்துக் கடைக்காரரையோ மிரட்டக் கூடாது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசும் 2025-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

முறையிட வேண்டுமானால் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448. வீட்டு வாசலில் மிரட்டல் நடந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம், நேராகக் காவல் நிலையம் போங்கள்.

தண்டலுக்கு மாற்று இல்லாமல் இல்லை. பிரதமரின் ஸ்வநிதி திட்டம் 2020-ல் தொடங்கி, இப்போது 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. முதலில் 15,000, ஒழுங்காக அடைத்தால் 25,000, பிறகு 50,000 ரூபாய். அடமானம் வேண்டாம், வட்டியில் 7 சதவீதம் மானியம். கேட்கப்படுவது வியாபாரிச் சான்றிதழ் அல்லது மாநகராட்சியின் பரிந்துரைக் கடிதம். கணக்கெடுப்பில் பேர் இல்லாதவர் இங்கேயும் அலைய வேண்டியிருக்கும்.

அடுப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டு சிலிண்டரைக் கடையில் வைத்தால் பறிமுதலாகும், வழக்கும் வரும். விபத்து நடந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதும் சிக்கலாகும். 19 கிலோ வணிக சிலிண்டரின் விலை பெரும்பாலும் மாதத்தின் முதல் நாளில் மாறும். நாட்டின் சமையல் எரிவாயுத் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. வீட்டு சிலிண்டருக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, வணிக சிலிண்டருக்கு 18. தெருவோரச் சுக்குக் காபிக்கும் நட்சத்திர ஓட்டலுக்கும் ஒரே வரி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சிறு வண்டிக்காரர்கள் அடையாள அட்டை காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கிக்கொள்ளலாம். கசிவு என்றால் 1906-ஐ அழையுங்கள்.

இப்போது முதலில் செய்ய வேண்டியது இது. மாநகராட்சி ஆணையருக்கு, கணக்கெடுப்பில் உங்கள் பேரைச் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுங்கள். கடையின் போட்டோ, ஊராட்சிக் காலத்து வசூல் ரசீது இருந்தால் நகல் வையுங்கள். மனு பெற்றதற்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். விற்பனைக் குழு அமைந்ததா, கடைசிக் கணக்கெடுப்பு எப்போது என்று 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குத் தனியாகப் போகாமல் பத்து வியாபாரிகள் சேர்ந்து போங்கள். வக்கீல் தேவைப்பட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக அமர்த்தித் தரும், பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, எண் 15100.