ரவா தோசைக்குத் தோற்ற கதை

எங்கள் மாமியார் ஓட்டல் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். போன வருஷம் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, பசி தாளாமல் எங்களோடு ஓட்டலில் ரவா தோசை சாப்பிட்டார். "வலை மாதிரி வார்த்திருக்கானே!" என்று ஒரே அதிசயம்.

பிறகு இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட்டார். ஒருநாள் தயங்கியபடி, "அந்தத் தோசை நம்ம வீட்டுல வராதாம்மா?" என்றார்.

தோசை மாவுப் பதத்தில் கரைத்து, கரண்டியால் தேய்த்தேன். களி மாதிரி கல்லில் ஒட்டிக்கொண்டது! மறுநாளும் அதே கதை. "தோசையா, கந்தல் துணியா?" என்று பிள்ளை கேலி.

விடுவேனா? அதே ஓட்டலுக்குப் போய், வார்ப்பவரையே கேட்டேன். "மாவு நீர்மோர் மாதிரி இருக்கணும்மா, தேய்க்கவே கூடாது" என்றார்.

ரவை 1 கப், அரிசி மாவு 1 கப், மைதா அரை கப். மோரும் தண்ணீருமாக 5 கப். உப்பு, மிளகு, சீரகம், இஞ்சி, பச்சைமிளகாய் போட்டு 20 நிமிஷம் ஊறட்டும். ரவை அடியில் தங்கும். ஒவ்வொரு தடவையும் கலக்குங்கள். கல் நன்றாகக் காய்ந்ததும் ஓரத்திலிருந்து உள்பக்கமாகத் தெளித்து, எண்ணெய் விட்டு, மிதமான தீயில் முறுகவிடுங்கள்.

மூன்றாம் தடவை, வலை விழுந்தது! படுக்கையருகே தட்டை வைத்தேன். ஒரு விள்ளல் வாயில் போட்டவர், "நீயும் சூடா ஒண்ணு வார்த்துச் சாப்பிடு, ஆறினா நல்லாயிருக்காது" என்றார்.

இத்தனை வருஷத்தில் அப்படி அவர் சொன்னது அதுதான் முதல் தடவை!