பன்னாட்டு உறவுகள் ஆய்வில் உத்தி, பாதுகாப்பு ஆகிய கருத்தாக்கங்கள்: கியூபா ஏவுகணை நெருக்கடியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பன்னாட்டு உறவுகள் துறையின் அடிப்படைக் கருத்தாக்கங்களான உத்தி, பாதுகாப்பு ஆகியன தமிழில் கையாளப்படும்போது ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இக்கலப்பு ஆய்வு முடிவுகளைப் பாதிக்கும் விதத்தை 1962ஆம் ஆண்டின் கியூபா ஏவுகணை நெருக்கடியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உத்தி, பாதுகாப்பு, தற்காப்பு, அச்சுறுத்தித் தடுத்தல், பாதுகாப்பு இருதலைச்சிக்கல், பாதுகாப்புமயமாக்கல்

முன்னுரை

இந்திய ஒன்றிய அரசின் படைத்துறைகளை ஆளும் அமைச்சகத்தையும் ஐக்கிய நாடுகளின் அவைகளுள் ஒன்றையும் தமிழில் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். முன்னது, படைவலிமையால் நாட்டைக் காக்கும் செயலைச் சுட்டுகிறது. பின்னது, அச்சுறுத்தல் நீங்கிய நிலையைச் சுட்டுகிறது. செயலுக்கும் நிலைக்கும் ஒரே சொல் வழங்குவதால், செயலைப் பெருக்கினால் நிலையும் தானே பெருகும் என்னும் எண்ணம் ஆய்வாளரை அறியாமலேயே உள்நுழைந்துவிடுகிறது. அவ்வாறு பெருகுகிறதா என்பதே இத்துறை எழுப்பும் முதன்மையான வினாவாகும். ஆகவே இக்கட்டுரையில் செயலைத் ‘தற்காப்பு’ என்றும் நிலையைப் ‘பாதுகாப்பு’ என்றும் பிரித்து வழங்குவது பொருந்தும்.

உத்தி: சொல்லும் பொருளும்

தமிழ்நாட்டில் ‘உத்தி’ என்றும் இலங்கைத் தமிழில் ‘மூலோபாயம்’ என்றும் வழங்கும் சொற்கள் ஒரே கருத்தாக்கத்தைக் குறிப்பன. தொல்காப்பிய மரபியல் 32 உத்திகளை நூலாக்க நெறிகளாக வகுப்பதால், இச்சொல்லுக்கு இலக்கணத்தில் நெடிய வாழ்வு உண்டு. போரியலில் அது பிற்காலத்தது. நாளேடுகள் விரும்பும் ‘வியூகம்’ இவ்விடத்திற்குப் பொருந்தாது. அது களத்தில் படையை நிறுத்தும் அணிவகுப்பைக் குறிப்பது. கிளாசவிட்ஸ் தமது மறைவுக்குப்பின் 1832இல் வெளிவரத் தொடங்கிய நூலில், மோதலில் படைகளைக் கையாள்வதையும், போரின் நோக்கத்திற்காக மோதல்களைக் கையாள்வதையும் வேறுபடுத்தினார். வியூகம் முதலாவதைச் சார்ந்தது, உத்தி இரண்டாவது. போர் அரசியல் நோக்கத்தின் கருவி என்பது அவரது அடிப்படைக் கருத்தாதலால், நோக்கம் இன்னதென்று சுட்டாமல் உத்தியைப் பற்றிப் பேச இயலாது. ‘தேர்தல் வியூகம்’ என்று எழுதுவோர் பெரும்பாலும் உத்தியையே கருதுகின்றனர் என்பது வேறு செய்தி.

அணு ஆயுதம் இவ்வரையறையை நெருக்கடிக்கு உள்ளாக்கியது. அதுவரை படைகளின் நோக்கம் போரை வெல்வது. இனிமேல் அவற்றின் தலையாய நோக்கம் போரைத் தவிர்ப்பது என்று பெர்னார்ட் பிராடி 1946இல் வாதிட்டார். பயன்படுத்தாமலேயே பயன்தர வேண்டிய கருவியை எவ்வாறு உத்திக்குள் அடக்குவது என்ற வினாவிலிருந்தே அச்சுறுத்தித் தடுத்தல் குறித்த கோட்பாடுகள் வளர்ந்தன. கிளென் ஸ்னைடர் இதில் இரு வழிகளைக் கண்டார். எதிரி தன் இலக்கை அடைய முடியாதவாறு செய்வது ஒன்று. அடைந்தாலும் தாங்கவொண்ணாத தண்டனை நேரும் என நம்பவைப்பது மற்றொன்று. தாமஸ் ஷெல்லிங் 1966இல் வெளியிட்ட நூலில் மேலும் ஒரு வேறுபாட்டை வலியுறுத்தினார். செய்யாதே என்று தடுப்பது வேறு. செய்ததைத் திரும்பப் பெறு என்று பணியவைப்பது வேறு. பின்னது கடினமானது. தடுக்கப்பட்டவர் தமக்கு அவ்வெண்ணமே இருந்ததில்லை என்று கூறி ஒதுங்கிக்கொள்ளலாம். பணிந்தவருக்கு அவ்வாய்ப்பில்லை; பணிவு எல்லோர் கண்முன்னும் நிகழ்கிறது.

கியூபா, 1962

1961 ஏப்ரலில் அமெரிக்க ஆதரவுடன் பன்றிகள் விரிகுடாவில் நடந்த படையெடுப்பு தோல்வியுற்றது. மற்றொரு படையெடுப்பு வரும் என்று கியூபா அஞ்சியது. சோவியத் ஒன்றியத்திற்கோ நெடுந்தொலைவு ஏவுகணைகளில் அமெரிக்கா பெற்றிருந்த மேலாண்மை கவலையளித்தது; துருக்கியில் அமெரிக்காவின் ஜூபிடர் ஏவுகணைகளும் நின்றன. குருசேவ் கியூபாவிற்கு ஏவுகணைகளை அனுப்பியதற்கு இவ்விரண்டு அச்சங்களும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

ஜான் ஹெர்ட்ஸ் 1950இல் பெயரிட்ட நிலைமை இதுவே. ஒரு நாடு தன் அச்சத்தைப் போக்கச் செய்யும் ஏற்பாடு மற்றொரு நாட்டிற்கு அச்சமாகிறது. அந்நாட்டின் எதிர்வினை முதல் நாட்டின் அச்சத்தை மீண்டும் வளர்க்கிறது. இதைத் தமிழில் ‘தடுமாற்றம்’ என்பது பொருத்தமன்று. தடுமாற்றம் மனத்தின் இயல்பு. இங்கோ சிக்கல் சூழலின் அமைப்பில் உள்ளது. இருபுறமும் தீப்பற்றிய கொள்ளியின் நடுவே அகப்பட்ட எறும்பின் நிலையைச் சுட்டும் ‘இருதலைச்சிக்கல்’ அதனினும் நெருங்கிய சொல்.

ராபர்ட் ஜெர்விஸ் 1978இல் இச்சிக்கலின் கடுமையை இரு கூறுகளால் அளந்தார். தாக்குதலுக்குரிய ஆயுதத்தைத் தற்காப்புக்குரியதிலிருந்து பிரித்தறிய முடிகிறதா, அவற்றுள் எது மேலோங்கியிருக்கிறது என்பன அவை. 1962 செப்டம்பரில் இவ்வினாவே இரு வல்லரசுகளுக்கிடையில் வெளிப்படையாக எழுந்தது. தாக்குதலுக்குரிய ஏவுகணைகளைக் கியூபாவில் ஏற்க இயலாது என்று கென்னடி எச்சரித்தார்; அங்கு அனுப்பப்படுவன தற்காப்புக்கே என்று சோவியத் தரப்பு அறிவித்தது. ஏவுகணை ஒன்றே, அது எதற்குரியது என்பதில் இரு தரப்பும் உடன்படவில்லை.

அக்டோபர் 14 அன்று உளவு வானூர்தி எடுத்த ஒளிப்படங்கள் ஏவுதளங்களைக் காட்டின. 22ஆம் நாள் கென்னடி அறிவித்த கடல்வழித் தடையை அவர் ‘முற்றுகை’ எனக் குறிப்பிடவில்லை. பன்னாட்டுச் சட்டத்தில் முற்றுகை போர்ச்செயலாகும் என்பதால், நோய்த்தடுப்புக்காகத் தனிமைப்படுத்துவதைக் குறிக்கும் சொல்லை ஆண்டார். அச்சொல் தேர்வே உத்தியின் ஒரு பகுதி. இந்நிகழ்வைத் தமிழில் ‘கடல் முற்றுகை’ என்றே எழுதிச் செல்லும்போது அவ்வுத்தி வாசகரின் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது.

ஷெல்லிங்கின் வேறுபாட்டைக் கொண்டு நோக்கினால், புதிய ஏவுகணைகள் வாராமல் செய்தது தடுத்தல். நிறுவியவற்றை அகற்றச் செய்தது பணியவைத்தல். முன்னதற்குக் கப்பல்கள் போதுமாயிருந்தன. பின்னதற்குப் போதவில்லை. 28ஆம் நாள் குருசேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெற இசைந்தபோது, கியூபாவின்மீது படையெடுப்பதில்லை என்ற வாக்குறுதி வெளிப்படையாகவும், துருக்கியின் ஜூபிடர்களை அகற்றுவது குறித்த உறுதி மறைவாகவும் அளிக்கப்பட்டிருந்தன. 1963 ஏப்ரலில் அவை அகற்றப்பட்டன. மறைவான உறுதி பல்லாண்டுகள் பொதுவெளிக்கு வாராததால், உறுதியான அச்சுறுத்தல் ஒன்றே எதிரியைப் பணியவைத்தது என்னும் பாடம் ஒரு தலைமுறைக்குக் கற்பிக்கப்பட்டது. அப்பாடம் பாதியே உண்மை.

யாருடைய பாதுகாப்பு

அர்னால்டு உல்ஃபர்ஸ் 1952இலேயே பாதுகாப்பைத் தெளிவற்ற குறியீடு என்று எச்சரித்தார். பெற்றுள்ள விழுமியங்களுக்கு அச்சுறுத்தல் இல்லாமை அதன் புறநிலை. அவை தாக்கப்படும் என்ற அச்சம் இல்லாமை அதன் அகநிலை. இரண்டும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. 1994ஆம் ஆண்டின் மனித மேம்பாட்டு அறிக்கை உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல் உள்ளிட்ட ஏழு கூறுகளைக் கொண்டு, காக்கப்பட வேண்டுவது அரசு மட்டுமன்று, மனிதரும்தாம் என்றது. புசான், வேவர், டி வில்ட் ஆகியோர் 1998இல் வேறு திசையில் சென்றனர். ஒரு சிக்கலை இருப்புக்கே ஆபத்து என்று அறிவித்து, வழக்கமான அரசியல் நெறிகளுக்கு அப்பாற்பட்ட நடவடிக்கையை ஏற்கச்செய்யும் பேச்சுச்செயலையே ‘பாதுகாப்புமயமாக்கல்’ என்றனர்.

இவ்விரு பார்வைகளும் பாக் நீரிணையில் மோதுகின்றன. 1974, 1976ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் வரைந்த கடல் எல்லையை இரு அரசுகளும் எல்லைப் பாதுகாப்பாகக் காண்கின்றன. எல்லை தாண்டும் தமிழ்நாட்டு மீனவருக்கு அதே நீர்ப்பரப்பு வாழ்வாதாரம். அவர்களுடைய இழுவைமடிப் படகுகளால் வலைகளையும் மீன்வளத்தையும் இழக்கும் வட இலங்கைத் தமிழ் மீனவருக்கும் அது வாழ்வாதாரமே. இலங்கை 2017இல் அடிமட்ட இழுவைமடி மீன்பிடிப்பைச் சட்டத்தால் தடைசெய்ததை இப்பின்னணியில் நோக்க வேண்டும். இதனை இரு அரசுகளின் சிக்கலாக மட்டும் எழுதும் ஆய்வில், ஒரே மொழி பேசும் இவ்விரு மீனவர் குழுக்களுக்கிடையிலான முரண் இடம்பெறாமலேயே போகிறது.