எண்ணெய் வண்ணத்தில் ஒரு வீடியோ கேம்

மஞ்சள் நிறக் கேசட் நினைவிருக்கிறதா? மேலே '9999 ஆட்டங்கள்' என்று அச்சிட்டிருக்கும். செருகிப் பார்த்தால் ஏழெட்டு ஆட்டங்களே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். கோடை விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் கிடைக்காத வருடங்களில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் துணை. "கண் கெட்டுப் போகும்" என்று சுவிட்சை அணைத்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த விளையாட்டுத் திரையைச் சீன ஓவியர் ஒருவர் 1994இல் கேன்வாஸில் எண்ணெய் வண்ணம் கொண்டு வரைந்தார். ஒன்றல்ல, 42 ஓவியங்கள். ஓவியர் பெயர் ஃபெங் மெங்போ. வரிசையின் பெயர் 'கேம் ஓவர்: நெடும்பயணம்'.

ஃபெங் பிறந்தது 1966இல், பெய்ஜிங்கில். கலாசாரப் புரட்சி தொடங்கிய வருடம் அது. அவருடைய பால்ய காலத்தில் வீடியோ கேம் ஏது? படக்கதைப் புத்தகங்களும், அரசு அனுமதித்த ஒரு சில புரட்சி இசை நாடகங்களும்தான் பொழுதுபோக்கு. நெடும்பயணத்தின் வீரக்கதையையும் அந்தத் தலைமுறை கேட்டே வளர்ந்தது. 1934இல் எதிரிகளின் முற்றுகையை உடைத்துக்கொண்டு செஞ்சேனை கால்நடையாகவே புறப்பட்டது. ஒரு வருடம் கழித்து வடக்கே போய்ச் சேர்ந்தபோது புறப்பட்டவர்களில் பத்தில் ஒரு பங்கினரே எஞ்சியிருந்தார்கள். அங்கே அது பாடப்புத்தகத்தில் புனிதமான அத்தியாயம். வீடியோ கேம் அவர் கைக்கு வந்தது வளர்ந்த பிறகுதான்.

இரண்டையும் அவர் ஒரே திரையில் சேர்த்தார். செஞ்சேனை வீரன் ஒருவன் மரியோவைப் போலப் பக்கவாட்டில் ஓடுகிறான், தாவுகிறான். எதிரே வருபவர்கள் ஜப்பானிய விளையாட்டுகளின் பாத்திரங்கள். அவன் வீசும் கையெறி குண்டு என்ன தெரியுமா? கோக்கோ கோலா டப்பா! சீனாவுக்கு அந்தப் பானம் 1979இல் திரும்பி வந்தது; நம் நாட்டுக்கு 1993இல். ஆகவே இந்தக் கேலி நமக்கும் சட்டென்று புரியும்.

பொம்மைகள் ஏன் கட்டம் கட்டமாக, கோலத்துப் புள்ளிகளை அடைத்தது போல இருக்கின்றன என்று கேட்கலாம். அக்காலக் கருவியின் நினைவகம் மிகச் சிறியது. திரையின் அகலத்துக்கே 256 புள்ளிகள்தாம். ஒரு பாத்திரத்துக்குப் பதினாறு புள்ளி உயரம் கிடைத்தால் பெரிது. 1981இல் மரியோவை உருவாக்கிய மியாமோட்டோவுக்கு அதற்குள் தலைமுடி வரைய இடமில்லை, தொப்பி போட்டார். வாயும் தெரியாது, மீசை வைத்தார். இயந்திரத்தின் இல்லாமையில் பிறந்த அழகு அது. ஃபெங்கின் கையில் இருந்ததோ தூரிகை. எந்தக் கோட்டையும் வளைத்துப் போடலாம். இருந்தும் அவர் கட்டங்களையே வரைந்தார். நெடும்பயணத்தின் வீரர்கள் அதனால் சிலையின் கம்பீரத்தை இழந்து, சின்னப் பையன் விரலுக்கு ஆடும் பொம்மையானார்கள்.

இது தியாகிகளைக் கேலி செய்வதாகாதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலிருந்து ஊட்டப்பட்ட கதையும் கடைத்தெருவில் விலைக்கு வந்த விளையாட்டும் ஒரே மனிதருக்குள் படங்களாகத்தான் தங்கியிருக்கின்றன. எது உயர்ந்தது என்று பிரித்துச் சொல்ல அவர் மறுக்கிறார். ஆனால் 'ஆட்டம் முடிந்தது' என்ற அந்தத் தலைப்பு மட்டும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது; முடிந்தது எந்த ஆட்டம் என்று அவர் சொல்லவில்லை.

வரைந்தபோது அப்படி ஒரு விளையாட்டே கிடையாது. இல்லாத விளையாட்டின் திரைகளைத்தான் வரைந்திருந்தார். பிற்பாடு கம்ப்யூட்டரைக் கற்று, 2008இல் அதை நிஜ விளையாட்டாகவே செய்தார்: 'நெடும்பயணம்: மறுதொடக்கம்'. 2010இல் நியூயார்க்கின் மோமா பி.எஸ்.1 கூடத்தில் அது வைக்கப்பட்டது. திரை, அறையின் நீளத்துக்கு ஒரு முழுச் சுவர். வீட்டில் போல உட்கார்ந்த இடத்திலிருந்து ஆட முடியாது. வீரன் சுவரில் ஓட ஓட, ஆட்டக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் வைத்திருப்பவரும் கூடவே ஓட வேண்டியதுதான்.