தைகா என்னும் சொல்

நிலநூல் பயில்வோர் அடிக்கடி காணும் சொற்களுள் 'தைகா' என்பதும் ஒன்று. ஐரோப்பாவின் வடபாலில் தொடங்கிச் சைபீரியாவிற் பரந்து, கடலுக்கு அப்பால் அலாஸ்காவிலும் கனடாவிலும் தொடரும் பெருங்காட்டு வலயத்தை அஃது உணர்த்தும். உலகத்துக் காட்டுப் பரப்பிற் கால் பங்கிற்கு மேற்பட்டது இவ்வலயத்தினுள் அடங்கும்.

இச்சொல் இரசிய மொழியிலிருந்து உலக வழக்கிற்கு வந்ததாயினும், இரசியர்க்கும் அஃது இரவற்சொல்லே. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஊரல் மலையைக் கடந்து கிழக்கு நோக்கிய இரசியர், 1639 இல் பசிபிக் கரையை எய்தினர். இடைப்பட்ட நாட்டு மக்களிடமிருந்து அவர் பெற்ற சொற்களுள் இதுவும் ஒன்று. தென் சைபீரியாவில், அல்தாய், தூவா மக்களின் மொழிகளில் இது காடடர்ந்த மலையைக் குறிக்கும். இதன் மூலம் துருக்கிய மொழிகளோ மொங்கோலிய மொழிகளோ என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுவர். இரசிய வழக்கில் மலை என்னும் பொருள் நீங்கிக் காடு என்னும் பொருளே நின்றது. பின்னர் நிலநூலார் அதனை ஒரு வலயத்தின் பெயராக்கினர்.

இக்காட்டிற்குப் 'போரியல்' என்னும் பெயரும் உண்டு. கிரேக்கர் வடகாற்றுத் தெய்வத்தைப் போரியாஸ் என்றனர்; அப்பெயரடியாகப் பிறந்தது இது. மேலைநாட்டு ஆசிரியர் சிலர், தெற்கே மரம் நெருங்கிய பகுதியைப் போரியல் காடு என்றும், துந்திராவை அடுத்து மரம் அருகிய பகுதியை மட்டும் தைகா என்றும் வகுப்பர். இரசியர் வழக்கோ இதற்கு மறுதலை. அவர்க்குத் தைகா என்பது புகுதற்கரிய அடர்காடு. மரம் அருகிய விளிம்பை அவர் 'காட்டுத் துந்திரா' என்பர். ஆசிரியர் எப்பொருளிற் கையாண்டார் என்பதை நோக்காது படிப்போர், ஒரு காட்டை மற்றொன்றாகக் கொண்டு மயங்குவர்.

தமிழில் 'ஊசியிலைக் காடு' என்பர். விளங்குதற்கு எளிய பெயரே. ஆயினும் தைகாவிற்கு முற்றும் நேராகாது. தேவதாரு ஓங்கும் இமயச் சாரலிலும் ஊசியிலைக் காடுண்டு. அது தைகா அன்று. கீழைச் சைபீரியாவிலோ, ஆண்டு முழுதும் உறைந்து கிடக்கும் அடிநிலத்தின்மேல் லார்ச் மரங்களே மிகுதி. அவை ஊசியிலை உடையனவாயினும், மாரி வருமுன் இலையனைத்தையும் உதிர்த்துவிடும். எனவே தைகா முழுவதையும் 'என்றும் பசுமையான காடு' எனல் பிழையாம்.

ஊசியிலைக் காடு என்பது மரத்தின் இயல்பு கூறும். போரியல் என்பது திசை கூறும். தைகா என்பதோ அந்நிலத்து மக்கள் வழங்கிய பெயர். அதனைத் தமிழெழுத்தில் அவ்வாறே எழுதி, விளக்கத்தை நல்ல தமிழிற் கூறுதலே மாணாக்கர் மயக்கத்தைத் தவிர்க்கும் வழியாகும்.