உறவினர் கையில் கேமரா: மத்திகிரித் திருமணங்களைப் படமெடுத்தல்

ஆங்கிலேயர் காலத்துக் கால்நடைப் பண்ணையாலும் பிற்காலத்தில் ஓசூரைச் சுற்றி எழுந்த சிப்காட் தொழிற்சாலைகளாலும் அறியப்படும் மத்திகிரி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் அன்றாடப் பேச்சில் கலந்து புழங்கும் கர்நாடக எல்லையோரத்தில் இருப்பதால், அவ்வட்டாரத்து மண்டபங்களில் வெவ்வேறு சடங்குமுறைகளைப் பின்பற்றும் திருமணங்கள் அடுத்தடுத்து நடைபெறுகின்றன. சம்பளத்திற்கு அமர்த்தப்பட்ட படக்காரர்கள் மேடையில் நின்றிருக்க, சொந்தக் கேமராவுடன் வரும் சித்தப்பா மகனோ அத்தை மகளோ அங்கே எதைப் படமெடுப்பது என்பதை, முதலில் அந்தத் திருமணம் எந்த முறைப்படி நடக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

தமிழ் வீடுகள் பலவற்றில் கெட்டிமேளம் முழங்கத் தாலி கட்டும் கணமே முகூர்த்தத்தின் உச்சம். தெலுங்கு வீடுகளில், மணமக்களுக்கு இடையே பிடித்திருக்கும் திரைச்சீலையின் மறைவில், சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்த விழுதை ஒருவர் தலையில் மற்றவர் வைப்பதுதான் முகூர்த்த வேளையில் நிகழும் சடங்கு. தாலி அதன் பின்னரே வரும். கன்னட வீடுகளில், இணைத்துப் பிடித்த மணமக்களின் கைகள்மீது பெற்றோர் நீரோ பாலோ வார்க்கும் தாரைச் சடங்கிற்கு அதே முதன்மை உண்டு. தாலிக்காகவே கேமராவைத் தயாராக வைத்துக் காத்திருக்கும் தமிழ் விருந்தாளி, திரை விலகும்போது இரு முகங்களிலும் சட்டென்று மலரும் சிரிப்பைத் தவறவிட வாய்ப்புண்டு என்பதால், சடங்குகளின் வரிசையைப் புரோகிதரிடமோ வீட்டுப் பெரியவர்களிடமோ முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்வது, விலையுயர்ந்த லென்ஸ் வாங்குவதைவிடப் பயன் தரும்.

அந்த உச்சக் கணத்தை மேடைக்கு முன்னே முண்டியடித்து எடுக்க முயல்வது வீண் வேலை. அட்சதை தூவுவதற்காக உறவினர் அனைவரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள். நல்ல கோணங்களை அமர்த்தப்பட்ட படக்காரரும் வீடியோக்காரரும் முன்பே பிடித்திருப்பார்கள். குறுக்கே நீளும் இன்னொரு கேமரா அவர்களுடைய படத்தையும் கெடுக்கும். உறவினர் செய்யத்தக்கது, அந்நேரத்தில் மேடைக்குப் பக்கவாட்டில் நின்று கூட்டத்தின் பக்கம் திரும்புவதே. மகள் கழுத்தில் தாலி ஏறும்போது தாயின் முகம் எப்படி இருந்தது, கண் மங்கிய பாட்டிக்கு நடப்பதை யார் எடுத்துச் சொன்னார்கள் என்பவற்றை, அந்தப் பாட்டி யார் என்று அறியாத வெளியாள் தேடி எடுக்க மாட்டார். உறவின் அறிவே இங்கு முதன்மையான கருவி. கேமரா அதற்கு அடுத்ததுதான்.

இருப்பினும் வெளிச்சத்தின் இயல்பை அறிந்திருக்க வேண்டும். விடியற்கால முகூர்த்தத்தில் மண்டபத்தின் ஒளி கண்ணுக்குப் போதுமானதாகத் தோன்றினாலும் கேமராவுக்குக் குறைவு என்பதால், லென்ஸின் துளை அகலமாகத் திறக்கும் 50 மி.மீ., எஃப் 1.8 போன்ற எளிய லென்ஸும், உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை 1600 அல்லது 3200 வரை உயர்த்துவதும் கைகொடுக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூப்லைட்டுகளும் சில எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. ஷட்டரை அதைவிட மிக வேகமாக வைத்தால் படத்தில் கருமையான பட்டைகள் விழக்கூடும், ஆகவே அசைவு மிகாத காட்சிகளுக்கு 1/100 நொடி பாதுகாப்பானது. பட்டுச் சரிகையும் நகையும் வீடியோ விளக்கில் பளிச்சிட்டு விவரம் இழக்காதிருக்க, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தே பதிவு செய்யலாம். ஓசூர் மேட்டுநிலத்தில் தை மாத அதிகாலைகள் குளிராக இருப்பதால், வெளியிலிருந்து ஈரப்பதமும் வெப்பமும் மிகுந்த மண்டபத்திற்குள் நுழைந்தவுடன் லென்ஸில் நீர்த்துளிகள் படியக்கூடும். கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் அது உட்புற வெப்பத்திற்குப் பழகிவிடும்.

முந்தைய மாலை நடக்கும் வரவேற்பில், ஷிப்ட் முடிந்து நேரே வரும் உடன்பணியாளர்கள் வரிசையில் நின்று மணமக்களோடு படமெடுத்துக்கொள்வதை மேடைப் படக்காரரே முழுமையாகப் பதிவு செய்துவிடுவார். பந்தியும் சமையற்கட்டும் அவருடைய கண்ணில் படுவது குறைவு. இலை போட்டு முடித்து முதல் ஆள் உட்காருவதற்கு முன் தண்ணீர் தெளிக்கும் கை, கடைசிப் பந்தியில் களைத்துப்போய்ச் சாப்பிடும் பெண்ணின் தாய்மாமன், விடிவதற்கு முன்பே மாலைகளைப் பிரித்து ஈரத்துணியில் வைக்கும் அத்தைகள் ஆகியோரை எடுக்க உரிமையும் உள்நுழைவும் பெற்றவர் உறவினர் ஒருவரே.

இத்தகைய படங்களின் மதிப்பு, அவற்றில் இருப்பவர் யார் என்பது தெரிந்திருக்கும்வரைதான் முழுமையாக நிற்கும். தமிழகத்து ஸ்டுடியோக்களில் 1880 முதல் 1980 வரை எடுக்கப்பட்ட குடும்பப் படங்களைத் தேடி எண்ம வடிவில் பாதுகாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு மேற்கொண்டது. குடும்பத்தை விட்டுப் பிரிந்த ஒரு பழைய படத்தில் உடையும் நகையும் நிற்கும் முறையும் ஆய்வாளருக்குப் பேசும்; பெயரும் உறவும் மட்டும் எழுதி வைத்தால் ஒழியத் திரும்பக் கிடைப்பதில்லை. ஆகவே திருமணம் முடிந்த வாரத்திலேயே வீட்டின் மூத்தவர் ஒருவரோடு அமர்ந்து, ஒவ்வொரு படத்திற்கும் பெயர், உறவுமுறை, ஊர், தேதி ஆகியவற்றைக் கோப்பின் விவரப் பகுதியிலேயே பதிய வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படத்தின் அளவு சுருங்குவதோடு இவ்விவரங்களும் நீங்கிவிடுவதால், மூலக்கோப்புகளை ஆவணமாக அனுப்புவதும், இரு வீட்டாரிடமும் தனித்தனி வட்டுகளில் ஒவ்வொரு பிரதி இருக்கச் செய்வதும், முக்கியமானவற்றை அச்சிட்டுப் பின்புறம் பென்சிலால் பெயர் எழுதுவதும் படமெடுத்தவரின் பொறுப்பில் அடங்கும்.