முன்னுருளியின் ஆறு அசைவுகள்

நிலத்தின்மேல் ஓடும் எவ்வுருளிக்கும் இயலும் அசைவுகள் ஆறு. மேல்கீழாகவும் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் பெயர்தல் மூன்று. தன் இருசைச் சுற்றி உருளுதல், இடம்வலமாகத் திரும்புதல், மேல்விளிம்பு உள்ளோ புறமோ சாய்தல் என்னும் சுழற்சிகள் மூன்று. இவ்வாறனுள் மகிழுந்தின் முன்னுருளி இசைவு பெற்றவை மூன்றே: உருளுதலைத் தாங்கிகளும், மேல்கீழ்ப் பெயர்ச்சியைத் தொங்கமைப்பும், திரும்புதலைத் திருப்பமைப்பும் ஆள்கின்றன. எஞ்சிய மூன்றும் விலக்கப்பட்டவை. பட்டறையார் சஸ்பென்ஷன் வேலை, ஸ்டியரிங் வேலை என்று வழங்குவதெல்லாம், விலக்கப்பட்ட அசைவுகள் தேய்மானத்தின் வழியே மீண்டும் நுழைந்த இடங்களைக் கண்டு அடைக்கும் பணியே ஆகும்.

இதற்கு எடுத்துக்காட்டாக அம்பாசிடரைக் கொள்வாரே பலர். நெடுகக் கிடக்கும் முறுக்குத்தண்டையே வில்லாகக் கொண்ட அதன் முன்னமைப்பு உறுதியில் குறைந்ததன்று. ஆயினும் கற்பார்க்கு ஏற்றது, நம் மண்ணிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பதே என் முடிபு. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் உடன்பிறப்பாக, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் இது கட்டப்பட்டது. இதன் முன்மூடி முழுதும் மூக்கை நோக்கிக் கவிழ்ந்து திறப்பதால், இரு முன்னுருளிகளும் அவற்றைத் தாங்கும் உறுப்புகள் யாவும் ஒருங்கே கண்முன் நிற்கும். உருளியின் மேலமர்ந்தே வேலை செய்யலாம்.

அமைப்பு இது: விஷ்போன் எனப்படும் கவைக்கைகள் பக்கத்துக்கு இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டகத்திலிருந்து நீள்கின்றன. அவற்றின் வெளிமுனைகளை இணைப்பது எஃகாலான நிமிர்தண்டு. உருளியைத் தாங்குவதும் அதுவே. மேற்கவைக்கை குட்டையாகவும் கீழ்க்கவைக்கை நெடிதாகவும் அமைந்தமையால், உருளி மேலெழுகையில் அதன் தலை சற்றே உட்சாய்கிறது. ஆகவே சாய்தல் முற்றும் விலக்கப்பட்டதன்று, அளந்து விடப்பட்டது எனல் பொருந்தும். சுருள்வில்லும் அதனூடே நிற்கும் அதிர்வடக்கியும் கீழ்க்கவைக்கையின்மேல் ஊன்றியுள்ளன. வில்லைக் கழற்றுமுன் அதற்குரிய இறுக்கியால் அடக்கிக்கொள்க. அடக்காது அவிழ்த்த வில் ஆளையே கொல்ல வல்லது.

நிமிர்தண்டின் மேல்முனை பந்துமூட்டில் அமர்கிறது. கீழ்முனையோ, திருகுபுரி வெட்டப்பட்டு, ட்ரன்னியன் என்னும் வெண்கலத் திருகுறைக்குள் இறங்கியிருக்கிறது. ஓட்டுநர் திருப்புந்தோறும் தண்டு அத்திருகில் சுழன்று, மயிரிழையளவு ஏறியும் இறங்கியும் நிற்கிறது. வில் கீழ்க்கவைக்கையை அழுத்துவதால், வண்டியின் முற்பக்கச் சுமை அத்திருகுபுரியிலேயே தொங்குகிறது. இவ்வளவு பெரிய பொறுப்பை ஏற்ற உறுப்பு கேட்பது, செய்தோர் வகுத்தபடி, சிறிது கெட்டியான கியர் எண்ணெய் ஒன்றையே. நம் பட்டறைகளோ பழக்கம் விடாமல் அதில் கிரீஸை ஏற்றின. கிரீஸ் புரிகளின் அடிவரை ஓடாது, காலப்போக்கில் இறுகி எண்ணெய்க்கும் வழியை அடைக்கும், மழைநீர் புகும், வெண்கலம் தாங்கினும் எஃகு துருவேறும். துருவரித்த தண்டு ஒருநாள் புரி தொடங்கும் இடத்தில் முறிய, உருளி மடங்கி வண்டியின் அடியில் புகும். மெல்ல ஊர்ந்து வளையும்போதே பெரும்பாலும் இது நேர்வது ஓட்டுநரின் நற்பேறு. இதனால் ஹெரால்டைப் பழித்தோர் பலர். பழி அதன் அமைப்புக்கு உரியதன்று என்பேன்.

தேய்வை அறிய, வண்டியை முட்டுக்கொடுத்து உயர்த்தி, உருளியை மேலும் கீழும் பிடித்து ஆட்டுக. ஆட்டம் தெரிந்தால், மற்றொருவரை நிறுத்துமிதியை அழுத்தச் சொல்லி மீண்டும் ஆட்டுக: ஆட்டம் மறைந்தால் குறை தாங்கிகளில், எஞ்சினால் பந்துமூட்டிலோ திருகுறையிலோ உள்ளது. இடம்வலமாகப் பிடித்து ஆட்டும்போது தோன்றுவது பெரும்பாலும், திருப்பமைப்பை உருளியோடு இணைக்கும் இழுதண்டு முனையின் குறை.

கவைக்கைகளின் உள்முனைகளில் புஷ் எனப்படும் ரப்பர் உறைகள் உண்டு. இவை வழுக்கிச் சுழல்பவை அல்ல. ரப்பரே முறுகி இடங்கொடுப்பவை. உருளி அந்தரத்தில் தொங்க, மரைகளை இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய கணமே ரப்பர் முறுகிய நிலையில் நிற்கும். சில திங்களில் கிழியும். எனவே வண்டியின் எடை நான்கு உருளிகளின்மேலும் நிற்கும்போதே இறுதி இறுக்கம் செய்தல் நெறி. புதுப் புஷ் தரமற்றது என்று கடைக்காரரை வைவோருள் பலர் இந்நெறியை மீறியவரே.

திருப்பமைப்பு பற்சட்டமும் பற்சில்லும் சேர்ந்தது. எண்ணெய் ஊறி நைந்த ரப்பர்ப் பிடிப்புகளை மாற்றாவிடில் சட்டமே பக்கவாட்டில் நழுவும். வளைவில் உள்ளுருளி வெளியுருளியினும் மிகுதியாகத் திரும்பல் வேண்டும் என்னும் நெறியை வகுத்தவர் செருமானியராகிய லாங்கன்ஸ்பெர்கர். 1818இல் இலண்டனில் அதற்குக் காப்புரிமை பெற்ற ஆக்கர்மானின் பெயரே நிலைத்துவிட்டது. ஹெரால்டின் திரும்புவட்டம் 25 அடி, ஏறத்தாழ 7.6 மீட்டர், இன்றைய சிற்றுந்துகள் பலவற்றுக்கும் இது வாய்ப்பதில்லை. கீழ்க்கவைக்கைத் தாங்கிகளின் பின்னிடும் தகடுகளால் சாய்வையும், இழுதண்டின் நீளத்தால் உருளிகளின் முன்குவிவையும் ஒழுங்கு செய்க; சாய்வே முதலில், குவிவு இறுதியில். சாய்வை மாற்றினால் குவிவும் மாறும் ஆதலின் இவ்வரிசை பிறழலாகாது.

முடித்த வேலையைச் சோதிக்க, கள்ளக்குறிச்சி மாவட்டத்து நிலம் இரண்டு களங்களைத் தருகிறது. களமருதூரைச் சூழ்ந்த தாழ்நிலத்தின் நேர்வழியில் திருப்புவளையத்தை மெல்லப் பற்றி ஓட்டினால், வண்டி ஒருபுறம் இழுப்பதும் வளையம் நடுங்குவதும் புலப்படும். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் நோக்கிக் கல்வராயன் மலையிறங்குகையிலோ, நிறுத்துவிசையால் எடை முன்சாய்ந்து, மூட்டுகளின் ஒளிந்த ஆட்டம் கடகட ஓசையாக வெளிப்படும். முன்னதில் தேறாத வண்டியைப் பின்னதற்குக் கொண்டுசெல்லற்க.

இன்றும் ஹெரால்டு வைத்திருப்போர்க்கு ஒரு சொல். வலப்பக்கத் தண்டு வலப்புரி, இடப்பக்கத் தண்டு இடப்புரி, கழற்றுமுன் குறியிடுக. கிரீஸிலேயே பல்லாண்டு ஓடிய தண்டு கிடைப்பின், அதன் புரி எவ்வளவு நன்றாகத் தோன்றினும் மாற்றிவிடுக. மாற்றியபின் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கியர் எண்ணெய் இடுக.