பாட்டியின் தையல் இயந்திரத்தில் நான் அழித்த தங்க எழுத்து

தோ பாயோவில் இருந்த நாலறை வீட்டிலிருந்து பாட்டி சிறிய வீட்டுக்கு மாற இன்னும் இரண்டு வாரம் இருந்தது. எதை எடுத்துச் செல்வது, எதைக் கழிப்பது என்று அப்பா ஒரு பட்டியல் போட்டிருந்தார். கழிக்க வேண்டிய பொருள்களில் மூன்றாவதாக இருந்தது ‘தையல் மெஷின்’.

அந்தப் பெயரைப் படித்தபோதுதான் கூடத்து மூலையில் இருந்தது வெறும் மேசை இல்லை என்பது எனக்கு உறைத்தது. பூப்போட்ட துணி விரித்து, அதன்மேல் தொலைபேசியும் மாத்திரை டப்பாவும் வைத்திருப்பார் பாட்டி. பலகையைத் திறந்தால் உள்ளே ஓர் இயந்திரம் தலைகீழாக மடங்கிக் கிடந்தது.

“காராங்குனிக்காரர் இரும்புக் காலுக்கு மட்டும்தான் காசு தருவாராம். மேலே இருக்கிறது வேண்டாமாம்,” என்றார் அப்பா.

பாட்டி எதுவும் சொல்லவில்லை. பூப்போட்ட துணியை எடுத்து நான்காக மடித்தார். “நான் எடுத்துக்கிறேன் பாட்டி, சரிபண்ணித் தர்றேன்,” என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை. அதுவரை நான் ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை.

அசையாத சக்கரம்

முதல் நாள் கைச்சக்கரம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. துருப்பிடித்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். உண்மையில் துரு மிகக் குறைவு. பல ஆண்டுகளுக்கு முன் விட்ட எண்ணெய் காய்ந்து, பிசினைப் போல இறுகியிருந்தது. “மெஷின் எண்ணெய் தீர்ந்துபோனா அடுப்படி எண்ணெயை விட்டிருக்கேன், யாருக்கும் சொல்லாதே,” என்று பாட்டி ஒப்புக்கொண்டார். சமையல் எண்ணெய் சீக்கிரமே பசையாகிவிடும். தையல் இயந்திர எண்ணெய் அப்படி ஆகாது.

இறுகிய இயந்திரத்தைப் பலத்தால் சுழற்றக்கூடாது. அசையும் ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஓர் இரவு அப்படியே விட்டுவைக்க வேண்டும். மறுநாள் கரைந்து வரும் அழுக்கைத் துடைத்துவிட்டு மீண்டும் விட வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, சன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்புப் பக்கமே போகாமல் இந்த வேலையைச் செய்தேன். நான்காம் நாள் காலையில் சக்கரம் முனகிக்கொண்டே கால் சுற்று நகர்ந்தது. அன்று மாலைக்குள் முழுச் சுற்றும் வந்துவிட்டது. அதன் பிறகு எல்லா இணைப்புகளுக்கும் தையல் இயந்திர எண்ணெய் விட்டேன்.

மிதியும் எனக்கு ஒரு பாடம் வைத்திருந்தது. பொறியியல் வகுப்பில் ‘நான்கு தண்டு இணைப்பு’ என்று ஒன்றைப் படித்திருந்தேன். அதில் ஒரு தண்டு முன்னும் பின்னும் ஆடும், இன்னொன்று முழு வட்டமாகச் சுற்றும். தேர்வில் அதைப் பக்கம் பக்கமாகக் கணக்கிட்டிருக்கிறேன். கால் வைத்து அழுத்தும் மிதி, அதிலிருந்து மேலேறும் தண்டு, பெரிய சக்கரத்தின் வளைவச்சு, இவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஆகிய நான்கும் சேர்ந்தால் அதே இணைப்புதான். மிதி சில நிலைகளில் நின்றுவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் நகராது. அதனால்தான் தைப்பவர்கள் முதலில் கைச்சக்கரத்தைத் தங்கள் பக்கமாக ஒரு தட்டு தட்டிவிட்டு மிதிக்கிறார்கள். சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுழன்றால் நூல் சிக்கிக்கொள்ளும். பாட்டி எந்த வகுப்புக்கும் போகாமல் இதை ஏழு வயதிலேயே தெரிந்துவைத்திருந்தார்.

எண் சொன்ன கதை

அடிப்பலகையின் வலது பக்கத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னால் ‘இ’, ‘எச்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். சிங்கர் இயந்திரங்களின் வயதைக் கண்டுபிடிக்க இந்த எண்ணே போதும். பாட்டியின் இயந்திரம் 1950களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் செய்யப்பட்ட ‘15 கே’ வகை. ‘கே’ என்பது அந்தத் தொழிற்சாலை இருந்த கில்போவியைக் குறிக்கும்.

அந்தத் தொழிற்சாலையைப் பற்றிப் படிக்கத் தொடங்கி, ஒரு கட்டுரைப் பணியையே தாமதமாகச் சமர்ப்பித்தேன். 1885ல் திறக்கப்பட்ட அது ஒரு காலத்தில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் வேலைசெய்த இடம். 1911 மார்ச்சில், மரப் பெட்டிகளுக்கு மெருகேற்றும் 12 பெண்கள் தங்கள் வேலைப்பளு கூட்டப்பட்டதை எதிர்த்து வெளியே வந்தார்கள். சில நாள்களிலேயே சுமார் 11,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதில் தொழிலாளர்கள் தோற்றார்கள், பலர் வேலை இழந்தார்கள். தொழிற்சாலை 1980ல் மூடப்பட்டது. அதன் பெயர் கொண்ட ரயில் நிலையம் மட்டும் இன்றும் இருக்கிறது. பாட்டியின் மேசைப் பலகைக்கு நான் மெருகேற்றியபோது அந்தப் 12 பேரை நினைத்துக்கொண்டேன். அரை மணி நேரத்திலேயே தோள் வலித்தது.

இயந்திரத்தை வாங்கியவர் பாட்டியின் அம்மா. மாதத் தவணையில் வாங்கி, அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துக் கடனை அடைத்தாராம். இந்தத் தவணை முறைக்கும் சிங்கருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஐசக் சிங்கர் 1851ல் தன் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், அது சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. அவருடைய பங்காளி எட்வர்ட் கிளார்க் 1850களிலேயே தவணை விற்பனையைத் தொடங்கினார். சம்பாதித்துக்கொண்டே கடனைக் கட்டலாம் என்ற அந்த ஏற்பாடு, உலகின் பல மூலைகளில் பெண்களின் கைக்கு ஒரு தொழிலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இயந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்தியும், 1924ல் சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் கேட்டபோது, சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார்.

பத்து விநாடியில் செய்த தவறு

சக்கரம் சுற்றியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து அதைப் பளபளப்பாக்கிப் படம் எடுத்துப் போட வேண்டும் என்று ஆசை. கறுப்பு உடலில் தங்க நிறத்தில் இருந்த பெயரெழுத்துகள்மீது பழுப்பு அழுக்கு படிந்திருந்தது. கைத்தொலைபேசித் திரையைத் துடைக்கும் ஆல்கஹால் தாளை எடுத்து அழுத்தித் தேய்த்தேன்.

அழுக்கு வந்தது. கூடவே தங்க நிறமும் வந்தது. கடைசி மூன்று எழுத்துகள் மங்கிய வெள்ளி நிறத்துக்கு மாறிப்போயின.

ஏன் என்று பிறகுதான் படித்தேன். இந்தப் பழைய இயந்திரங்களில் தங்கப் பூவேலைக்கு மேல் அரக்கால் ஆன மெருகு பூசியிருப்பார்கள். ஆல்கஹால் பட்டால் அரக்கு கரைந்துவிடும். அதன் கீழே தங்கம் போலத் தெரிவதும் மெல்லிய ஒரு பூச்சுதான். அதுவும் கரைந்தால் அடியில் இருக்கும் வெள்ளி நிறம் வெளிப்பட்டுவிடும். சேகரிப்பாளர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் எச்சரிக்கை இது. நான் அதைப் படிப்பதற்கு முன்பே துடைத்துவிட்டேன்.

பாட்டியிடம் காட்ட இரண்டு நாள் ஆயிற்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “எங்கம்மா அந்த எழுத்துமேல ஈரத்துணிகூட வைக்க விடமாட்டாங்க,” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இயந்திரத்தின் அடிப்பலகையில், ஊசிக்கு முன்னால், பூவேலை ஏற்கெனவே தேய்ந்துதான் இருந்தது. இரண்டு தலைமுறையாகத் துணி உரசி உரசித் தேய்ந்த இடம் அது. அங்கே எத்தனை ரவிக்கைகள் நகர்ந்து போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். நான் தேய்த்த மூன்று எழுத்துகளுக்குப் பின்னால் அப்படி ஒன்றும் இல்லை.

அசலைப் போலவே அச்சிட்ட ஒட்டுப் படங்கள் இணையத்தில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. பழையதைச் சுரண்டிவிட்டுப் புதியதை ஒட்டலாம். “வாங்கி ஒட்டட்டுமா பாட்டி?” என்று கேட்டேன்.

“அது இருக்கட்டும். இது தைக்குமா, தைக்காதா?” என்றார்.

கை மறக்கவில்லை

தைக்கவில்லை. ஊசி ஏறி இறங்கியது, துணி நகர்ந்தது, ஆனால் ஒரு தையல்கூட விழவில்லை. பூட்டுத்தையல் என்பது இரண்டு நூல்களின் சந்திப்பு. ஊசி கீழே போய்ச் சற்று மேலெழும்போது நூல் ஒரு சிறு கண்ணியாக விரியும். அடியில் இருக்கும் கொக்கி அந்தக் கண்ணியைப் பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும். அப்போது மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். என் இயந்திரத்தில் கொக்கி ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்பியது.

இரண்டு மாலைகள் காணொளிகளைப் பார்த்தேன். கொக்கியைக் கழற்றலாமா என்று திருப்புளியோடு உட்கார்ந்திருந்தபோது பாட்டி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஊசியை விரலால் தடவிப் பார்த்தார். “திருப்பிப் போட்டிருக்கே,” என்றார்.

இப்போதைய இயந்திரங்களில் ஊசியின் தட்டைப் பக்கம் பின்புறம் பார்க்கும். அப்படித்தான் நானும் மாட்டியிருந்தேன். பாட்டியின் இயந்திரத்தில் நூல் வலமிருந்து இடமாக ஊசிக்குள் நுழையும். ஆகவே தட்டைப் பக்கம் இடது புறம் இருக்க வேண்டும். கண்ணி அந்தப் பக்கம்தான் விரியும், கொக்கியும் அங்கேதான் காத்திருக்கும். எந்தப் பக்கம் என்று முன்பே கேட்டிருந்தால் பாட்டிக்குச் சொல்லத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். விரல் வைத்ததும் தெரிந்துவிட்டது.

நூல் கோக்க மட்டும் என்னைக் கூப்பிட்டார். பிறகு சக்கரத்தை ஒரு தட்டு தட்டினார். பழைய தலையணை உறை ஒன்றின் கிழிந்த ஓரம் நேர்க்கோடாக மூடிக்கொண்டு போயிற்று. அப்பா அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பட்டியலில் மூன்றாவது வரியை அடித்தார்.

சேர்ப்பதா, சேர்த்து வைப்பதா?

இந்த ஆர்வம் ஒன்றோடு நிற்காது என்று எல்லாரும் எச்சரித்தார்கள். ஆறு மாதத்தில் 60 வெள்ளிக்கு ஒரு ‘99 கே’ வாங்கினேன். சிங்கர் 66 வகையின் முக்கால் அளவில், கையால் சுற்றும் சிறிய இயந்திரம். அதற்கடுத்து, அண்டைவீட்டார் ஒருவர் தந்த சீனத்து ‘பட்டர்ஃபிளை’. மூன்றாவது வந்த அன்று அம்மா என் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, “இதோட போதும்,” என்றார். அடுக்குமாடி வீட்டில் அது நியாயமான கட்டளை.

காப்பிக் கடைகளில் பழைய மிதிச் சட்டத்தின் மேல் பளிங்குப் பலகை பொருத்திய மேசைகளைப் பார்த்திருப்பீர்கள். முன்பு எனக்கும் அவை பிடிக்கும். இப்போது அங்கே உட்கார்ந்தால், இந்தக் காலுக்குரிய தலை எங்கே போயிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. அந்தத் தலைகளில் பல, சிறிது மண்ணெண்ணெயும் பொறுமையும் கிடைத்தால் இன்றும் தைக்கும். அவற்றைத் திறக்க ஒரு திருப்புளி போதும். ஒட்டி மூடிய பாகம் எதுவும் இல்லை. உரிமையாளரே எண்ணெய் விட்டுப் பராமரிக்க வேண்டும் என்று எண்ணிச் செய்த பொருள் அது. மின்கலத்தைக்கூட மாற்ற முடியாத என் காதொலிக்கருவி இரண்டே ஆண்டில் குப்பைக்குப் போனது.

அந்த இயந்திரங்கள் செய்த வேலையும் சாதாரணமானதில்லை. பெரனாக்கான் பெண்கள் அணியும் கெபாயாவின் நுண்ணிய பூவேலை மிதி இயந்திரத்தில் செய்யப்பட்டது. அழுத்தும் பாதத்தைக் கழற்றிவிட்டு, வளையத்தில் இறுக்கிய துணியைக் கையாலேயே நகர்த்திப் பூக்களை வரைவார்கள். சிங்கப்பூர் உட்பட ஐந்து நாடுகள் சேர்ந்து முன்மொழிந்த கெபாயா, 2024ல் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

அதனால் எனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். சரிசெய்த இயந்திரம் தைக்கத் தெரிந்தவரிடம் அல்லது கற்றுக்கொள்ள விரும்புபவரிடம் போக வேண்டும். ‘99 கே’ இப்போது நாடகக் குழுவுக்கு ஆடை தைக்கும் என் தோழியிடம் இருக்கிறது. ‘பட்டர்ஃபிளை’ இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான். யாருக்காவது வேண்டுமா?

உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால்

முதலில் எண்ணைப் பாருங்கள், வயது தெரியும். சக்கரம் அசையாவிட்டால் மல்லுக்கட்டாதீர்கள். கறுப்பு உடலை வெறும் தையல் இயந்திர எண்ணெயால் துடையுங்கள், ஆல்கஹால் வேண்டாம். பாபின் வாங்கும்போது வகையைச் சரிபாருங்கள். 15 வகையின் பக்கங்கள் தட்டையாகவும் 66 வகையின் பக்கங்கள் இலேசாக வளைந்தும் இருக்கும், மாற்றிப் போட்டால் தைக்காது. எல்லாவற்றுக்கும் முன்னால், அதில் தைத்தவர் இன்னும் உங்களோடு இருந்தால் அவரிடம் கேளுங்கள். நான் அதைக் கடைசியில் செய்தேன், முதலில் செய்திருக்க வேண்டும்.

பாட்டியின் இயந்திரம் இப்போது புதிய வீட்டில் சன்னலோரம் இருக்கிறது. மாத்திரை டப்பாவுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது. மூன்று எழுத்துகள் வெள்ளியாகவே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். சென்ற வாரம் என் முதல் ரவிக்கைக்குக் கை வைத்தேன். கை கோணலாக வந்தது. “பிரிச்சுட்டு மறுபடி தை,” என்றார் பாட்டி.